ஈரத்தில் அழுத ஹர்டி கர்டி: அட்டன் பக்கத்து நிகழ்வு ஆய்வு ஒன்று

ஆய்வுக்கு வந்தது பிரெஞ்சு வடிவிலான ஆறு தந்தி ஹர்டி கர்டி. 23 சாவிகள், இரண்டு ஸ்தாயி, பூச்சு ஏதுமில்லாத மரச் சக்கரம், சக்கரத்தின் விட்டம் 17 சென்ரிமீற்றர். பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய குடும்பம் ஒன்றின் வழியாக அட்டனுக்கு அருகிலுள்ள தோட்டத்துப் பஜனைக் குழுவுக்கு வந்து சேர்ந்திருந்தது. சுருதிப் பெட்டியின் வேலையையும் செய்தது, பாடுபவர் பின்னால் மெட்டையும் தொடர்ந்தது. தை, மாசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனி மழை பிடித்த பிறகுதான் சிக்கல். “சுருதி நிக்குது அண்ணே, சத்தந்தான் அழுவுது” என்பது வாசிப்பவரின் முறைப்பாடு. நோய் எங்கே இல்லை என்பதை அந்த ஒரு வரி சரியாகவே சொல்லிவிட்டது.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலது கை ஒரு கைப்பிடியைச் சுற்றுகிறது. கைப்பிடி சக்கரத்தைச் சுழற்றுகிறது. ரோசின் (வயலின் வில்லில் தேய்க்கும் பிசின்) தடவிய சக்கர விளிம்பு தந்திகளை உரசுவதால், வயலின் வில் முடிவில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் பலன் கிடைக்கிறது. நடுவில் இரண்டு பாட்டுத் தந்திகள். இடது கை சாவியை அமுக்கினால் அதில் நட்டிருக்கும் சிறு மர நாக்குகள் அந்தத் தந்திகளைத் தொட்டு நீளத்தைக் குறைக்கும். மற்ற நான்கும் சுருதித் தந்திகள்: ட்ரோம்பெட், மூஷ், சிறிய புர்தோன், பெரிய புர்தோன். நம் கணக்கில் சொன்னால் பாட்டுத் தந்தி இரண்டும் 5 கட்டை (392 ஹேர்ட்ஸ்), ட்ரோம்பெட் 1 கட்டை (261.6), மூஷ் கீழ் 5 கட்டை (196), சிறிய புர்தோன் கீழ் 1 கட்டை (130.8), பெரிய புர்தோன் அதற்கும் கீழான 5 கட்டை (98). ஆண்கள் 1 கட்டையில் பாடும்போது ஒரு கூட்டுத் தந்திகளும், பெண்கள் 5 கட்டையில் பாடும்போது வேறொரு கூட்டும் சக்கரத்தில் விடப்படும். வேண்டாதவற்றைப் பக்கத்துக் கொக்கியில் தூக்கி மாட்டிவிடலாம்.

வந்தபோது இருந்த குறைகள் ஐந்து. மேல் ஸ்தாயிச் சாவிகளில் பாட்டுத் தந்தி கீச்சிட்டது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒலி இரண்டு தடவை பெருத்துச் சிறுத்தது. புர்தோன் இரண்டும் மெதுவாகச் சுற்றும்போது எழவேயில்லை, வேகம் பிடித்த பின்தான் முனகின. ட்ரோம்பெட் தாளத்தோடு எழுப்ப வேண்டிய இரைச்சல் முற்றாக நின்றிருந்தது. பாட்டுத் தந்திகள் வெறுமையாகச் சேர்ந்து ஒலித்தாலும், சாவி ஏற ஏற ஒன்றுக்கொன்று விலகின.

நோயைவிட மருந்து கெடுத்தது

குறைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து வேலை. நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் ஒரே வேர். முதலில் புர்தோன் எழவில்லை. ரோசின் போதவில்லை என்று நினைத்துச் சக்கரத்தில் ரோசின் ஏற்றப்பட்டது. புர்தோன் கொஞ்சம் எழுந்தது, ஆனால் பாட்டுத் தந்தி கீச்சிடத் தொடங்கியது. கீச்சலை அடக்க, தந்தி சக்கரத்தில் படும் இடத்தில் இருக்கும் பஞ்சைத் தடிப்பாகச் சுற்றினார்கள். தடித்த பஞ்சு தந்தியின் எடையைக் கூட்டியது, மேல் சாவிகள் மந்தமாகிச் சுருதி தவறின. பழி தந்தியின் மேல் விழுந்தது. பாட்டுத் தந்தி ஒன்றின் குடல் நரம்பைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வயலினின் மெல்லிய எஃகுத் தந்தியைப் போட்டார்கள். எஃகு மெல்லியது, குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரத் துண்டு) வெட்டுக்குள் ஆழமாக இறங்கி, சக்கரத்தை முன்னைவிட அதிகமாக அழுத்தியது. சத்தம் கூடியதால் சரியாகிவிட்டது போலத் தோன்றியது. இரண்டு நாளில் எஃகு பஞ்சை அறுத்துக்கொண்டு சக்கரத்தில் நேரே உரசியது.

முதலில் வந்த புர்தோன் குறைக்கு ரோசின் காரணமே அல்ல. ஈரம் ஏறிய மேற்பலகை மேல்நோக்கி வளைந்திருந்தது. குதிரை அந்தப் பலகையின் மேல் நிற்பதால் அதுவும் உயர்ந்தது. தந்திகள் சக்கரத்தை விட்டு ஒரு மயிரிழை விலகின. பாரமான புர்தோனுக்குத்தான் அழுத்தம் அதிகம் வேண்டும், எனவே அதுவே முதலில் ஊமையானது.

ஹர்டி கர்டியில் தொனி கெட்டால் தந்தியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். மரத்தின் ஈரம், சக்கரம், ரோசின், பஞ்சு, அழுத்தம் ஆகியவை முதலில் வரும். தந்தி அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு திருத்தமும் அடுத்ததைக் கெடுக்கும்.

ஈரத்தை அளப்பது

அட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்றை முகத்தில் வாங்கும் சரிவில் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழையும் மூட்டமும்தான். கருவி இருந்தது லயத்து வீட்டில், விறகடுப்புள்ள அறைக்கு அடுத்த அறையில். அடுப்பெரியும்போது அறை காயும், அணைந்ததும் ஈரம் திரும்பும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான ஈரத்தைவிடக் கெடுதியானது. புகையில் வரும் கரி ரோசினில் ஒட்டி, சக்கர விளிம்பைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. சிலர் மழைக்காலத்தில் இசைக்கருவியை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பார்கள். மத்தளத்துக்குக்கூட அது நல்லதல்ல, மெல்லிய மேற்பலகையுள்ள இந்தக் கருவிக்கு அது வெடிப்பில்தான் போய் முடியும்.

மலிவான டிஜிற்றல் ஈரமானி போதும், ஆனால் அதை முதலில் சோதிக்க வேண்டும். போத்தல் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, குழைசேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்தக் கருவி 5 கூட்டிச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிக்கொள்ளலாம். இந்த வீட்டில் விடியற்காலை அளவு 90 வீதத்தைத் தாண்டியது.

கருவியை மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டியில், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடும் ஈரமானியோடும் வைத்தோம். இலக்கு 55 முதல் 60 வீதம். அவசரம் கூடாது: நாளுக்கு இரண்டு மூன்று வீதத்துக்கு மேல் இறங்கினால் பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். காய்வதற்கு முன்பு தந்தி, ரோசின், பஞ்சு எதையும் தொடவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோது குதிரையருகே மேற்பலகை 0.4 மி.மீ. இறங்கியிருந்தது. போட்டோகொப்பி எடுக்கும் 80 கிராம் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. நான்கு தாள் கனம் இறங்கியதோடு புர்தோன் இரண்டும் தாமாகவே பேசத் தொடங்கின.

சக்கரம்

எல்லாத் தந்திகளையும் சக்கரத்திலிருந்து தூக்கிவிட்டுத்தான் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஒலி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை பெருத்தால் சந்தேகம் ரோசின் கட்டியின் மேலோ, வளைந்த அச்சின் மேலோ விழும். இரண்டு தடவை பெருத்தால் சக்கரம் நீள்வட்டமாகியிருக்கிறது: மரம் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே வீங்கும் அளவுக்கு நெடுக்கே வீங்காது. கண்ணால் பார்க்கப் பென்சில் முனையை விளிம்புக்கு மயிரிழை தூரத்தில் பிடித்துச் சுற்றலாம். இதைவிட நல்லது நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ். மலையகத்தில் அதற்கு அலைய வேண்டியதில்லை, தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறை எதிலும் பிற்றரிடம் ஒன்று இருக்கும். முனையை மிக மெதுவாக விளிம்பில் தொடவிட்டு, கையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வந்தபோது ஆட்டம் 0.16 மி.மீ., இரண்டு முகடுகள். காய்ந்த பின் 0.06. எங்கள் காதுக்கு 0.05க்குக் கீழே வேறுபாடு தெரிவதில்லை, எனவே எஞ்சியது மிகச் சிறியது.

மழைக்காலத்தில் சக்கரத்தைக் கடைந்து வட்டமாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வீங்கிய நிலையில் வட்டமாகச் சீவிய சக்கரம் மாசியில் காய்ந்ததும் எதிர்த்திசையில் நீள்வட்டமாகும். சீவிய மரம் திரும்ப வராது.

விளிம்பைத் துடைப்பதில் ஒரு பொறி உண்டு. பாமசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிற்றைப் பலரும் எடுப்பார்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு, அந்த எண்ணெய் சக்கரத்தில் தங்கினால் தந்தி வழுக்கும். வேண்டியது 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல். அதையும் பூச்சில்லாத மர விளிம்பில் மட்டுமே பயன்படுத்தலாம். செல்லாக்கு பூசிய சக்கரமானால் அற்ககோல் பூச்சைக் கரைத்துவிடும், உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பஞ்சு நூல் உதிராத துணியில் சில துளிகள் விட்டு, விளிம்பில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற, துணி முதலில் கறுப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் வந்தது. கறுப்பு அடுப்புக் கரி, மஞ்சள் பழைய ரோசின். துணி வெள்ளையாகவே வரும் வரை துடைத்தோம். அதன் பின் விரல் விளிம்பில் படக்கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி விட்டுப் போகும்.

ரோசினைப் பொறுத்தவரை மலையகத்தில் குளிர் ஒரு பக்கம் இழுக்கிறது, ஈரம் மறு பக்கம் இழுக்கிறது. குளிரில் மென்மையான கருநிற ரோசின் நன்றாகப் பிடிக்கும். ஈரத்தில் அதே ரோசின் பிசுபிசுத்துத் தூசையும் புகையையும் கூட்டிச் சேர்க்கும். அடுப்புப் புகையுள்ள வீட்டுக்கு வெளிர்நிற வயலின் ரோசினையே தேர்ந்தோம். கட்டியைச் சக்கரத்தின் மேல் பாரமே இல்லாமல் வைத்து மூன்று நான்கு சுற்று, பிறகு சுத்தமான துணியால் ஒரு சுற்று ஒற்றி எடுப்பது. அவ்வளவுதான். விளிம்பில் ரோசின் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம்.

பஞ்சு

தந்தி சக்கரத்தில் படும் இடத்தில் சுற்றும் பஞ்சுதான் தொனியின் பாதி. நார் நீளமாக இருக்க வேண்டும். இலவம் பஞ்சு உதவாது: அதன் நார் வழுவழுப்பானது, எளிதில் முறியும், தந்தியைப் பற்றிக்கொள்ளாது. பாமசிப் பஞ்சில் நார் குட்டை, இரண்டு நாளில் உதிரும். பூசைக் கடையில் திரிக்கென்று விற்கும் முறுக்காத பருத்திப் பஞ்சு, கையால் இழுத்துப் பார்த்து நீண்ட நாராகப் பிரிந்தால், நன்றாகவே வேலை செய்யும்.

முறை இது. ஒரு சிறு இழையைப் பிய்த்து, அதனூடாக விரல் ரேகை தெரியும் வரை விரியுங்கள். அதன் நுனியைத் தந்தியின் அடியில் செருகிச் சக்கரத்தை முன்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். சக்கரம் நாரைப் பற்றித் தந்தியைச் சுற்றி இழுக்கும்போது, மீதியை இரு விரலால் அதே திசையில் உருட்டிவிடுங்கள். திசை முக்கியம். எதிர்ப்பக்கம் சுற்றினால் வாசிக்க வாசிக்கச் சக்கரமே பஞ்சை அவிழ்த்துத் தள்ளும். சக்கர விளிம்பின் அகலத்தைவிட இரு புறமும் சற்றே கூடுதலாகப் பஞ்சு நிற்க வேண்டும், கட்டியாகத் திரளக் கூடாது. பாட்டுத் தந்திக்கு மிகக் குறைவாக, ட்ரோம்பெட்டுக்கு நடுத்தரமாக, புர்தோனுக்குச் சற்றுத் தாராளமாக. சுற்றி முடித்ததும் சில நிமிடம் வாசித்துப் பஞ்சு இறுகிய பின்தான் தொனியைத் தீர்மானிக்க வேண்டும். புதுப் பஞ்சு எப்போதும் கொஞ்சம் மூச்சிரைக்கும்.

இந்தக் கருவியில் பாட்டுத் தந்தியிலிருந்து உரித்த பழைய பஞ்சு, மெல்லிய திரி ஒன்றின் கனத்துக்கு இருந்தது. பழுப்பு நிறம், ரோசினால் ஓடு போல இறுகியிருந்தது. அதை விரலால் கிள்ளி எடுக்க முடியவில்லை, தந்தியோடு சேர்த்து வெட்ட வேண்டியதாயிற்று.

அழுத்தம்: தாள் துண்டுகளின் வேலை

தந்தி சக்கரத்தை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் குதிரையின் வெட்டுக்குள் வைக்கும் சிறு தாள் துண்டுகளால் சரிசெய்கிறோம். தாள் வைத்தால் தந்தி உயரும், அழுத்தம் குறையும். எடுத்தால் கூடும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு துண்டு. அதற்கும் மேல் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

சோதனைக்குச் சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றத் தொடங்குங்கள். தந்தி முதல் அசைவிலேயே எழ வேண்டும். எழாமல் காற்று மட்டும் வந்தால் அழுத்தம் குறைவு. எழும்போது கரகரத்து, பிறகு தெளிந்தால் அழுத்தமோ ரோசினோ அதிகம். அடுத்து மேல் ஸ்தாயியின் கடைசிச் சாவி. வெறுந்தந்தி நன்றாக இருந்து மேல் சாவி மட்டும் நெரிந்து கீச்சிட்டால் அழுத்தம் கூடுதல், ஒரு துண்டு வைக்கலாம். மேல் சாவி தெளிவாக இருந்து வெறுந்தந்தி மெலிந்து ஒலித்தால் ஒன்றை எடுக்கலாம். இரண்டு பாட்டுத் தந்தியும் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் சுருதி சேர்ந்தாலும் தொனி சேராது.

காய்ந்த நிலையில் பாட்டுத் தந்திகளுக்கு இரண்டு துண்டு, ட்ரோம்பெட்டுக்கு ஒன்று, புர்தோனுக்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் கருவி சமநிலைக்கு வந்தது. தந்தி மாற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும், ஏனெனில் விட்டம் மாறும்போது தந்தி வெட்டுக்குள் உட்காரும் ஆழமும் மாறுகிறது. கடையில் நல்ல தந்தியாக வாங்கிப் போட்டும் தொனி வரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

தந்தித் தெரிவு

இப்போதுதான் தந்திக்கு வர முடியும். இழுவிசையைக் கணக்கிட்டே தேர்ந்தோம். நாக்கு எதுவும் தொடாத வெறுந்தந்தியின் அதிரும் நீளம் இதில் 345 மி.மீ. சூத்திரம் எளிது: விட்டம், அதிர்வெண், நீளம் மூன்றையும் பெருக்கி, அதை வர்க்கித்து, 3.14 ஆலும் பொருளின் அடர்த்தியாலும் பெருக்கினால் இழுவிசை நியூற்றனில் வரும். அளவுகள் மீற்றரில், அடர்த்தி கன மீற்றருக்குக் கிலோவில். குடல் நரம்பின் அடர்த்தி சுமார் 1,300. 0.75 மி.மீ. குடல் நரம்பை 392 ஹேர்ட்ஸுக்கு ஏற்றினால் 42 நியூற்றன், அதாவது 4.3 கிலோ. 0.70 ஆனால் 3.7 கிலோ. 0.80 ஆனால் 4.9. இந்தக் கருவியின் மெல்லிய மேற்பலகைக்கு 4.3 நன்றாக இருந்தது. கழற்றிய எஃகுத் தந்தி 0.26 மி.மீ. அதன் இழுவிசை 3.1 கிலோதான், ஆபத்தான பாரமில்லை. ஆனால் அந்த மெலிவே பஞ்சை அறுத்தது, மர நாக்குகளிலும் கீறல் விட்டது.

குடல் நரம்பின் தொனிக்கு நிகரில்லை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அட்டன் மழையில் அது காலையில் சேர்த்த சுருதியைப் பகலுக்குள் கைவிடும். இத்தாலிய நிறுவனமான அக்குவிலா செய்யும் நைல்கட் தந்தியின் அடர்த்தி குடல் நரம்புக்கு ஒத்தது, ஆகவே அதே விட்டத்தில் மாற்றலாம், ஈரத்தால் அசைவது மிகக் குறைவு. பாட்டுத் தந்தி இரண்டுக்கும் அதையே போட்டோம். ஒன்று குடல் நரம்பு, மற்றது செயற்கை என்று கலப்பது வேண்டாம்: ஈரம் மாறும்போது இரண்டும் வேறு வேறு அளவில் நகரும், சேர்ந்த சுருதி அரை மணியில் உடையும்.

நைல்கட் கிடைக்காதபோது தூண்டில் கடையில் வாங்கும் ஃபுளோரோகாபன் நரம்பும் உதவும். அதன் அடர்த்தி சுமார் 1,780, ஆகவே அதே இழுவிசைக்கு 0.64 மி.மீ. போதும். தொனி கொஞ்சம் கூர்மையாக வரும். சாதாரண நைலானின் அடர்த்தி 1,140, அதற்கு 0.80 வேண்டும், தொனி மழுங்கலாக வரும். தூண்டில் நரம்பின் உறையில் அச்சிட்ட விட்டத்தை நம்பாமல் மைக்ரோமீற்றரால் அளக்க வேண்டும்.

ட்ரோம்பெட்டுக்கும் மூஷுக்கும் மட்டும் குடல் நரம்பைக் கைவிடவில்லை. ட்ரோம்பெட்டுக்கு 0.90 மி.மீ., 261.6 ஹேர்ட்ஸில் 2.7 கிலோ. அதன் இரைச்சலுக்கு இந்தப் பாரம் அளவானது. சுருதி நகர்ந்தாலும் ஒரே தந்தி, திருகிச் சேர்ப்பது எளிது. மூஷுக்கு 1.2 மி.மீ. குடல் நரம்பு அதே 2.7 கிலோவைக் கொடுத்தது. பலர் மூஷுக்கு வயலின் நான்காம் தந்தியைப் போடுவார்கள், அதுவும் 196 ஹேர்ட்ஸ்தானே என்று. வயலினின் நீளம் 325 மி.மீ., இங்கே 345. இழுவிசை எட்டில் ஒரு பங்கு கூடி, அந்தத் தந்தி மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கத்தும்.

புர்தோனுக்குச் சுற்றில்லாத நரம்பு சரிவராது. 98 ஹேர்ட்ஸுக்கு 2 மி.மீ. தடித்த நரம்பைப் போட்டாலும் 2.3 கிலோதான் வரும், தந்தி தொய்ந்து புடைக்கும். உலோகம் சுற்றிய தந்திதான் வேண்டும். புர்தோன்களின் நீளம் இதில் 380 மி.மீ. செலோவின் மூன்றாம் தந்தியும் 98 ஹேர்ட்ஸ், ஆனால் செலோவின் நீளம் ஏறத்தாழ 690. நீளம் குறைந்ததால் இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வரும், 13 கிலோத் தந்தி இங்கே 4 கிலோ. பெரிய புர்தோனுக்கு அது பொருந்தியது. சிறிய புர்தோனுக்கு செலோவின் இரண்டாம் தந்தியை 130.8க்கு இறக்கினால் சுமார் 3 கிலோ. கண்டியில் வயலின் தந்தி கிடைக்கும் கடைகளில் செலோத் தந்தி எப்போதும் இருப்பதில்லை, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சுற்றுத் தந்தியை வெட்டும் முன் வெட்டுமிடத்துக்கு இப்பால் கூர்மையாக மடித்துவிட வேண்டும், இல்லையேல் சுற்று அவிழ்ந்து தந்தி முழுவதும் வீணாகும். குடல் நரம்பின் நுனியைத் தீயில் காட்டிச் சிறு மணியாகத் திரட்டினால் பிரியாது.

ட்ரோம்பெட்டின் இரைச்சல்

ட்ரோம்பெட் தந்தி ஷியேன் என்னும் சிறு ஆடுகுதிரையின் மேல் நிற்கிறது. அதன் வால் பெரிய குதிரையின் பொந்துக்குள் செருகியிருக்கும், முன்கால் மேற்பலகையின் மேல் சும்மா நிற்கும். கைப்பிடியை மணிக்கட்டால் வெட்டிச் சுற்றும்போது அந்தக் கால் துள்ளிப் பலகையைத் தட்டுவதால் தாளத்தோடு இரைச்சல் எழும். தம்புராவில் ஜீவாளி நூலைக் குதிரையின் மேல் மயிரிழை நகர்த்தி இரைச்சலைப் பிடித்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும்.

இந்தக் கருவியில் வால் வீங்கிப் பொந்தில் இறுகியிருந்தது. கால் துள்ளவே வழியில்லை. 600ஆம் இலக்க மணல்தாளில் வாலை இரண்டு இழுவை, செருகிப் பார்ப்பது, போதாவிட்டால் இன்னொரு இழுவை. விரலால் தட்டினால் அசைய வேண்டும், கருவியைக் கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. எண்ணெய், மெழுகு எதுவும் வேண்டாம். காலின் அடி தட்டையாகப் பலகையில் படுகிறதா என்று மெல்லிய தாளைச் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் இரைச்சல் பிளந்து வரும்.

வாலைச் சரிசெய்த பிறகே டிரான் எனப்படும் இழுநூலைத் தொட வேண்டும். அது ட்ரோம்பெட்டைப் பக்கவாட்டில் இழுத்து, எவ்வளவு வேகத்தில் இரைச்சல் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த நூலை முறுக்கும் பிருடையைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகித் திருகிக் கேட்டு, சமமான சுழற்சியில் மௌனம், சிறு வெட்டில் இரைச்சல் என்ற இடத்தில் நிறுத்தினோம். ஈரம் கூடிய காலத்துக்கென்று சற்று மெலிந்த வாலோடு இன்னொரு ஷியேன் செய்து பெட்டிக்குள் வைத்தாயிற்று. பருவத்துக்குப் பருவம் ஒரே வாலைத் தேய்ப்பதைவிட இது மேல்.

நாக்குகளும் ஸ்வரமும்

ஒவ்வொரு சாவியிலும் இரண்டு நாக்குகள், தந்திக்கு ஒன்று. நாக்கைக் குதிரைப் பக்கம் திருப்பினால் ஸ்வரம் ஏறும், மறுபக்கம் திருப்பினால் இறங்கும். முதலில் ஒரு தந்தியை மட்டும் சக்கரத்தில் விட்டு 23 சாவியையும் சேர்த்து, பிறகு இரண்டாம் தந்தியை முதலாவதோடு சேர்ப்பதே ஒழுங்கு.

டிஜிற்றல் டியூனரில் முள் நடுவில் நிற்பதை நம்பி ஸ்வரம் வைத்தால் சுருதிக்கு மேல் காந்தாரம் உறுத்தும். நிற்கும் சுருதிக்கு இசைவான அந்தர காந்தாரம் டியூனர் காட்டும் இடத்திலிருந்து 14 சென்ற் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) கீழே இருக்கிறது. பஞ்சமம் 2 சென்ற் மேலே. அதன்படி நாக்குகளைத் திருப்பியதும் புர்தோனோடு சேர்ந்து காந்தாரம் அசைவற்று நின்றது.

1 கட்டைக்கும் 5 கட்டைக்கும் ஒரே நாக்குகளை வைத்து வாசிப்பதால், ஒரு சாவி இரண்டு சுருதிக்கும் ஒத்துப்போகுமா என்ற கேள்வி வரும். 1 கட்டையின் காந்தாரம் 5 கட்டைக்குச் சதுஸ்ருதி தைவதம், இரண்டுக்கும் ஒரே இடம். 1 கட்டையின் காகலி நிஷாதம் 5 கட்டைக்கு அந்தர காந்தாரம், அதுவும் ஒத்துப்போகிறது. ஒன்றே ஒன்று சண்டை போடும். 1 கட்டையின் சதுஸ்ருதி தைவதம் 5 கட்டைக்குச் சதுஸ்ருதி ரிஷபம். 1 கட்டையின் ஸட்ஜத்திலிருந்து அளந்தால், முதலாவதாகக் கேட்டால் 884 சென்ற், இரண்டாவதாகக் கேட்டால் அதே சாவி 906 சென்றில் நிற்க வேண்டும். வேறுபாடு 22 சென்ற், காது தெளிவாகப் பிடிக்கும். இந்தக் குழுவில் பெண்களின் பாட்டுகளே அதிகம், ஆகவே அந்த நாக்கை 5 கட்டையின் ரிஷபத்துக்கு வைத்தோம். 1 கட்டையில் தைவதம் நீண்டு நிற்கும் பாட்டு வந்தால் வாசிப்பவர் அந்த ஸ்வரத்தைக் குறுக்கி வாசிக்கிறார். சாவியைக் கூடுதலாக அமுக்கினால் ஸ்வரம் சற்று ஏறும். சிறு அசைவுக்கு அது உதவும், ஆழமான கமகத்தை இந்தக் கருவியிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பண்டாரவளையில்

ஆடியில் கருவி ரயிலில் பண்டாரவளைக்குப் போனது. உயரம் ஏறத்தாழ அட்டனை ஒத்தது, சுமார் 1,230 மீற்றர். வானிலை நேர் எதிர். பட்டிப்பொலைக்கு அப்பால் சுரங்கத்தைத் தாண்டினால் மழை பின்தங்கிவிடும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் அதே வறண்ட காற்று அங்கே வீசிக்கொண்டிருந்தது, ஈரமானி 60க்குக் கீழ் இறங்கியது. பெட்டியைத் திறந்து வாசித்த மூன்றாம் நாள் பாட்டுத் தந்திகளின் மேல் சாவிகள் நெரியத் தொடங்கின. பலகை இன்னும் இறங்கி, அழுத்தம் கூடியிருந்தது. ரோசினைத் தொடாமல், பஞ்சைத் தொடாமல், பாட்டுத் தந்திகளுக்கு ஒரு தாள் துண்டு கூட்டப்பட்டது. கீச்சல் நின்றது. ஷியேனின் வால் தளர்ந்து இரைச்சல் ஓயாமல் எழுந்ததால், பொந்துக்குள் சிகரற் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டது. நைல்கட் தந்திகளின் சுருதி அசையவில்லை. ட்ரோம்பெட்டையும் மூஷையும் மட்டும் தினமும் காலையில் சேர்க்க வேண்டியிருந்தது.

பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: ஈரமானி காட்டும் அளவு, அன்று ஒவ்வொரு தந்திக்கும் இருந்த தாள் துண்டுகளின் எண்ணிக்கை, எந்த ஷியேன் என்று மூன்று நிரல்கள். வாசிப்பவர் பென்சிலால் நிரப்பி வருகிறார். சக்கரத்தில் எஞ்சியிருக்கும் 0.06 மி.மீ. ஆட்டத்தால் பெரிய புர்தோனில் மட்டும் மெல்லிய ஏற்ற இறக்கம் இன்னும் கேட்கிறது. அதைச் சீர்செய்வதை மாசிக்கு ஒத்திவைத்திருக்கிறோம். அட்டனில் மழை விட்டு, பெட்டிக்கு வெளியிலும் ஈரமானி சில கிழமை ஒரே இடத்தில் நின்ற பிறகு மறுபடி டயல் கேஜ் வைப்போம். ஆட்டம் அப்போதும் 0.05க்கு மேல் நின்றால், சக்கரத்தைக் கழற்றாமல் அதன் சொந்த அச்சிலேயே சுழலவிட்டு, இறுக்கிப் பிடித்த கூர்மையான உளியால் முகடுகளை மட்டும் சீவலாம்.